மண் அகழும் பொறியும் அதன் உறுப்புகளும்

கோடையில் ஏரி வற்றித் தரை வெடித்துவிட்டால், தூர் வாரும் வேலையைப் பற்றிய பேச்சு ஊர்தோறும் எழுவது இயல்பு. முன்னாளில் இவ்வேலைக்கு மண்வெட்டியும் கடப்பாறையும் கூடையுமே கருவிகளாயிருந்தன. வீட்டுக்கு ஓர் ஆள் வீதம் ஊரார் திரண்டு வந்து, வரத்துக்காலைச் செப்பனிட்டுக் கரைக்கு மண் போட்டனர். அதற்குக் குடிமராமத்து என்று பெயர். அப்பெயரிலேயே 2017-ஆம் ஆண்டில் நம் மாநிலத்தில் ஏரிகளைச் சீர்படுத்தும் திட்டம் ஒன்று மீண்டும் தொடங்கப்பட்டது. ஆனால் இம்முறை ஏரிக்குள் இறங்கியது பெரும்பாலும் கூடை அன்று. மண் அகழும் பொறியே ஆகும்.

தமிழ்நாட்டில் ஏறத்தாழ 39,000 ஏரிகள் உள்ளன. அவற்றுள் பாதிக்கு மேற்பட்டவை 40 ஹெக்டேருக்குக் குறைந்த ஆயக்கட்டை உடைய சிற்றேரிகள். அவை ஊராட்சி ஒன்றியங்களின் பொறுப்பில் இருப்பவை. எனவே, பொறியை வாடகைக்கு அமர்த்துவதும், அதன் வேலையை மேற்பார்ப்பதும், பட்டியலில் கையொப்பம் இடுவதும் ஊராட்சி உறுப்பினர்களின் கடமைகளுள் அடங்கிவிட்டன. உழவர்களும் தம் நிலத்தில் கிணறு தோண்டவும், பண்ணைக்குட்டை வெட்டவும், மேடு திருத்தவும் இப்பொறியையே நாடுகின்றனர். மாட்டின் பல்லைப் பார்த்து வயதைச் சொல்லும் நம் விவசாயப் பெருமக்கள், மணிக்கணக்கில் பணம் கொடுத்து அழைக்கும் இப்பொறியின் உறுப்புகளையும் அறிந்து வைத்திருத்தல் வேண்டுமன்றோ? அதற்கு உதவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பெயரும் வரலாறும்

இப்பொறியை நம் ஊர்களில் சிலர் பொக்லைன் என்பர், சிலர் ஹிட்டாச்சி என்பர், சிலர் ஜே.சி.பி. என்பர். இவை மூன்றும் பொறியின் பெயர்கள் அல்ல. அதனைச் செய்த நிறுவனங்களின் பெயர்கள். பொக்லைன் பிரான்சு நாட்டைச் சேர்ந்தது. ஹிட்டாச்சி ஜப்பான் நாட்டைச் சேர்ந்தது. ஜே.சி.பி. என்பது பிரிட்டனில் 1945-ஆம் ஆண்டு அந்நிறுவனத்தைத் தொடங்கிய ஜோசப் சிரில் பாம்ஃபோர்டு என்பாரின் பெயரின் முதலெழுத்துகள். பின்புறம் அகழும் கரம் கொண்ட பொறியை அந்நிறுவனம் 1953-ஆம் ஆண்டில் செய்தது; இந்தியாவில் 1979-ஆம் ஆண்டில் காலூன்றியது.

மண் அகழும் பொறி இவற்றிற்கெல்லாம் முற்பட்டது. அமெரிக்காவில் வில்லியம் ஓட்டிஸ் என்பார் நீராவியால் இயங்கும் அகழ்பொறிக்கு 1839-ஆம் ஆண்டிலேயே காப்புரிமை பெற்றார். 1904 முதல் 1914 வரை அமெரிக்கர் பனாமாக் கால்வாயை வெட்டியபோது, மலையைக் குடைந்தவை இத்தகைய நீராவிப் பொறிகளே. அப்பொறிகளின் கரத்தைச் சங்கிலியும் கம்பிவடமும் இழுத்தன. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வடத்தின் இடத்தை எண்ணெயின் அழுத்தம் பிடித்துக்கொண்டது. இன்று நம் ஏரிகளில் நாம் காண்பது இவ்வகையே.

ஊராட்சிப் பணிகளில் இரு வகைப் பொறிகள் மிகுதியாக வருகின்றன. முதலாவது, இரும்புச் சங்கிலிப் பட்டையின் மேல் ஊர்ந்து, உடல் முழுவதும் வட்டமாகச் சுழலக்கூடியது. இதில் 20 டன் எடையுள்ள வகை பெருவழக்காக உள்ளது. இரண்டாவது, ரப்பர்ச் சக்கரங்களில் ஓடுவது. முன்னே மண் அள்ளும் அகன்ற வாளியும், பின்னே அகழும் கரமும் உடையது. ஏறத்தாழ 8 டன் எடை கொண்டது. இதனையே நம் மக்கள் ஜே.சி.பி. என்கின்றனர். இதன் பின்கரம் முழு வட்டம் சுழலாது. இருபுறமும் சேர்த்து அரை வட்ட அளவே திரும்பும். வேலை செய்யும்போது இரு பக்கக் கால்களை நிலத்தில் ஊன்றிக்கொள்ளும். சாலையில் தானே ஓடிச் செல்லுமாதலால், குழாய் பதிக்கப் பள்ளம் எடுத்தல், வாய்க்கால் தூர் எடுத்தல் போன்ற சிறு வேலைகளுக்கு இதுவே ஏற்றது. ஏரி போன்ற பெருவேலைகளுக்குச் சங்கிலிப் பொறி சிறந்தது. இனி, இச்சங்கிலிப் பொறியின் உறுப்புகளைக் காண்போம்.

மூன்று பகுதிகள்

எவ்வளவு பெரிய பொறியாயினும் அதனை மூன்று பகுதிகளாகப் பிரித்து நோக்கினால் எளிதில் விளங்கும். நிலத்தில் நின்று நகரும் கீழ்ப்பகுதி ஒன்று. அதன்மேல் சுழலும் மேற்பகுதி ஒன்று. மேற்பகுதியின் முன்னே நீண்டிருக்கும் அகழும் கரம் ஒன்று. மனிதனுக்குக் காலும் உடலும் கையும் எவ்வாறோ, பொறிக்கு இவை மூன்றும் அவ்வாறே ஆகும்.

கீழ்ப்பகுதி

கீழ்ப்பகுதியில் இரு புறமும் சங்கிலிகள் உள்ளன. சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியின் மேலும் ஓர் இரும்புத் தகடு திருகப்பட்டிருக்கும். இதற்குச் செருப்பு என்று பொருள்படும் ‘ஷூ’ என்னும் பெயரையே தொழிலாளர் வழங்குகின்றனர். சங்கிலியின் ஒரு முனையில் பற்களையுடைய சக்கரம் உண்டு. அதனைச் சுழற்றும் மோட்டார் அதன் உள்ளேயே அமைந்துள்ளது. மறுமுனையில் பல்லில்லாத வழிகாட்டிச் சக்கரம் உண்டு. இவ்விரண்டிற்கும் இடையே, பொறியின் பாரத்தைத் தாங்கும் உருளைகள் கீழே வரிசையாகவும், சங்கிலி தொய்ந்துவிடாமல் ஏந்தும் உருளைகள் மேலேயும் உள்ளன.

இருபது டன் பாரம் சேற்றில் புதையாமல் நிற்பது எவ்வாறு? சங்கிலித் தகட்டின் அகலம் ஏறத்தாழ 60 சென்டிமீட்டர். நிலத்தில் படியும் நீளம் ஏறத்தாழ மூன்றரை மீட்டர். இரு சங்கிலிகளும் சேர்ந்து 42,000 சதுர சென்டிமீட்டர் பரப்பில் பாரத்தைப் பரப்புகின்றன. 21,000 கிலோகிராம் எடையை இப்பரப்பால் வகுத்தால், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு அரைக் கிலோகிராமே ஆகின்றது. பாரம் ஏற்றிய லாரியின் சக்கரம் இதனைப்போல் பல மடங்கு அழுத்தத்தைத் தரையில் செலுத்துகின்றது. ஆகவேதான் லாரி இறங்க முடியாத ஈர நிலத்தில் சங்கிலிப் பொறி இறங்குகின்றது.

ஆனால் ஒன்றை மறத்தலாகாது. சேற்றைத் தாங்கும் இச்சங்கிலி தார்ச்சாலைக்குப் பகை. தகட்டின் விளிம்புகள் தாரைக் கீறிப் பெயர்த்துவிடும். பொறியை இழுவை வண்டியில் ஏற்றிக் கொண்டுவருவதே முறை. ஊர்ச்சாலையில் ஊர்ந்து வருவதை ஊராட்சி அனுமதித்தல் கூடாது.

சங்கிலியின் இறுக்கத்தையும் நோக்க வேண்டும். மிகத் தளர்ந்திருந்தால் சங்கிலி கழன்றுவிடும். மிக இறுகியிருந்தால் உருளைகளும் பற்சக்கரமும் விரைவில் தேயும். கிரீசை உட்செலுத்தி இறுக்கவும், வெளியே விட்டுத் தளர்த்தவும் வழி உண்டு. அந்தக் கிரீசு பேரழுத்தத்தில் இருப்பது. பழகாதவர் அதன் வாயைத் திறத்தல் பேராபத்து.

சுழலும் மேற்பகுதி

கீழ்ப்பகுதிக்கும் மேற்பகுதிக்கும் இடையே ஒரு பெரிய வளையம் உண்டு. குயவனின் சக்கரத்தைப் போல மேற்பகுதி முழுவதும் இதன்மேல் சுழல்கின்றது. வளையத்தினுள்ளே குண்டுகள் உருளுகின்றன. அதன் உட்புறப் பற்களில் சுழல்மோட்டாரின் சிறு பற்சக்கரம் பொருந்தி, உடலை எப்பக்கமும் திருப்புகின்றது. வளையத்தின் நடுவே உள்ள மைய இணைப்பு, மேற்பகுதி எத்தனை முறை சுழன்றாலும் குழாய்கள் முறுக்கிக்கொள்ளாதவாறு எண்ணெயைக் கீழே உள்ள மோட்டார்களுக்கு அனுப்புகின்றது.

மேற்பகுதியின் பின்புறத்தில் டீசல் எஞ்சின் உள்ளது. எஞ்சின் சங்கிலியை நேரே சுழற்றுவதில்லை. கரத்தை நேரே தூக்குவதும் இல்லை. அதன் வேலை எண்ணெய்ப் பம்பைச் சுழற்றுவதே. பம்பு, எண்ணெய்த் தொட்டியிலிருந்து எண்ணெயை உறிஞ்சி, கட்டுப்பாட்டு வால்வுகளுக்குத் தள்ளுகின்றது. அவ்வால்வுகள், வாய்க்காலில் மடை திருப்புவோனைப் போல, எந்த உறுப்புக்கு எவ்வளவு எண்ணெய் செல்ல வேண்டுமோ அவ்வளவைத் திருப்பி விடுகின்றன.

எஞ்சினுக்கும் பின்னே, பொறியின் கடைசியில், வார்ப்பிரும்பாலான ஒரு பெருஞ்சுமை வைக்கப்பட்டிருக்கும். இதனை எதிரெடை எனலாம். 20 டன் பொறியில் இதன் எடை ஏறத்தாழ 4 டன். முன்னே நீண்ட கரம் மண்ணுடன் எழும்போது, பொறி முன்புறமாகக் கவிழாமல் பின்னிருந்து இழுத்து நிறுத்துவது இதுவே. துலாக்கோலின் ஒரு தட்டில் மண்ணும், மறு தட்டில் இவ்வெதிரெடையும் இருப்பதாகக் கொள்ளலாம். பொறி திரும்பும்போது இப்பகுதி பக்கவாட்டில் வீசிச் செல்லும். அதன் அருகே நிற்பவரை ஓட்டுநர் காண முடியாது. நேரும் விபத்துகளுள் பல இதனாலேயே நேர்கின்றன.

அகழும் கரம்

அகழும் கரத்தை நம் கையுடன் ஒப்பிட்டால் உடனே விளங்கும். தோளிலிருந்து முழங்கை வரை உள்ளது போன்ற வளைந்த பெரிய உறுப்பு ‘பூம்’ எனப்படும். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை உள்ளது போன்றது ‘ஆர்ம்’. அதன் முனையில் உள்ளங்கையைக் குவித்தது போன்றது வாளி. வாளியின் விளிம்பில் விரல் நகங்களைப் போன்ற பற்கள் உள்ளன.

இவற்றை அசைக்கும் தசைகள் உருளைகளாகும். உருளையின் உள்ளே ஒரு தண்டு முன்னும் பின்னும் செல்கின்றது. பூமைத் தூக்க இரண்டு உருளைகள், ஆர்மை மடக்க ஒன்று, வாளியைத் திருப்ப ஒன்று, ஆக நான்கு உருளைகள் பெரும்பாலான பொறிகளில் உள்ளன. மூட்டுகளில் பருத்த ஆணிகளும் அவற்றைச் சுற்றி உறைகளும் இருக்கின்றன. தொழிலாளர் இவற்றைப் பின் என்றும் புஷ் என்றும் கூறுவர். இம்மூட்டுகளுக்கு நாள்தோறும் கிரீசு இட வேண்டும். அது தவறினால் ஆணி தேய்ந்து மூட்டு ஆடத் தொடங்கும். வாளி நேர்க்கோட்டில் செல்லாது. தரையைச் சமமாக வெட்ட முடியாது.

பற்கள் தனியே கழற்றி மாட்டத்தக்கவை. தேய்ந்த பல் உள்ள வாளி மண்ணில் குத்தி இறங்காமல் உரசிக்கொண்டு செல்லும். எஞ்சின் முழங்கும், டீசல் தீரும், மண் மட்டும் வாராது. மழுங்கிய மண்வெட்டியைக் கொண்டு வெட்டுவோனுக்கு நாள் கூலி கொடுப்பதை ஒக்கும் இது.

எண்ணெயின் ஆற்றல்

மெல்லிய குழாயில் ஓடும் எண்ணெய் பாறையைப் பெயர்க்கும் வலிமையைப் பெறுவது எவ்வாறு? மூடிய கலத்தில் உள்ள திரவத்தின்மேல் ஓரிடத்தில் செலுத்திய அழுத்தம் எல்லாத் திசைகளிலும் சமமாகப் பரவும் என்னும் உண்மையைப் பதினேழாம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டு அறிஞர் பாஸ்கல் விளக்கினார். லாரியின் சக்கரத்தைக் கழற்ற உதவும் ஜாக்கியும் இவ்விதியினாலேயே வேலை செய்கின்றது.

20 டன் பொறியில் எண்ணெயின் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 350 கிலோகிராம் வரை செல்லக்கூடும். உருளையின் உள்விட்டம் 12 சென்டிமீட்டர் எனில், அதன் பரப்பு ஏறத்தாழ 113 சதுர சென்டிமீட்டர். இரண்டையும் பெருக்கினால் 39,000 கிலோகிராமுக்கு மேல் வருகின்றது. ஒரே உருளை, ஏறத்தாழ 39 டன் விசையுடன் தள்ளுகின்றது என்பது பொருள்.

பம்பு எண்ணெயைத் தள்ளுகின்றதேயன்றி, அழுத்தம் எதிர்ப்பினாலேயே உண்டாகின்றது. வெறும் வாளி காற்றில் அசையும்போது அழுத்தம் குறைவு. கடினமான மண்ணில் இறங்கும்போது மிகுதி. வாளி பாறையில் சிக்கி அசையாது நின்றால், எல்லை மீறிய அழுத்தத்தைப் பாதுகாப்பு வால்வு திறந்து எண்ணெயைத் தொட்டிக்கே திருப்பி விடும். அப்போது எஞ்சினின் ஓசை மாறி முனகும். நல்ல ஓட்டுநர் அவ்வோசையைக் கேட்டவுடன் வாளியை விலக்கி வேறு கோணத்தில் முயல்வார். பழகாதவர் இழுத்துக்கொண்டே இருப்பார், எண்ணெய் கொதிக்கும், காலமும் வீணாகும்.

குழாயில் எண்ணெய் கசிவதைக் கண்டால் கையால் தடவிப் பார்த்தல் கூடாது. ஊசிமுனை அளவு துளையிலிருந்து பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே செல்லும். காயம் சிறிதாகத் தோன்றினும் கையையே இழக்க நேரிடும். அட்டைத் துண்டைப் பிடித்துத்தான் கசிவை அறிய வேண்டும். எவர் கையிலேனும் எண்ணெய் பாய்ந்துவிட்டால் தாமதியாமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.

ஓட்டுநரின் இருக்கை

ஓட்டுநரின் இரு கைகளுக்கும் இரு நெம்புகோல்கள் உள்ளன. பெருவழக்கான அமைப்பில், இடக்கை நெம்புகோல் உடலைச் சுழற்றவும் ஆர்மை நீட்டி மடக்கவும் பயன்படும்; வலக்கை நெம்புகோல் பூமை ஏற்றி இறக்கவும் வாளியைத் திருப்பவும் பயன்படும். காலடியில் உள்ள இரு மிதிகள் இரு சங்கிலிகளையும் ஓட்டுகின்றன. ஒரு சங்கிலியை மட்டும் ஓட்டினால் பொறி திரும்பும். இருக்கையின் அருகே பாதுகாப்பு நெம்புகோல் ஒன்றும் உண்டு. அதனைப் பூட்டிவிட்டால் மற்ற நெம்புகோல்களைத் தொட்டாலும் கரம் அசையாது. இருக்கையை விட்டு எழும் ஒவ்வொரு முறையும் ஓட்டுநர் இதனைப் பூட்ட வேண்டும்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. பற்சக்கரம் ஓட்டுநருக்குப் பின்புறம் இருக்கும்போது, மிதியை முன்னே அழுத்தினால் பொறி முன்னே செல்லும். உடல் அரை வட்டம் சுழன்று பற்சக்கரம் அவருக்கு முன்புறம் வந்துவிட்டால், அதே மிதியை அழுத்தும்போது பொறி பின்னே செல்லும்! கரையின் மேல் நின்று வேலை செய்யும் பொறி ஏரிக்குள் உருள்வதற்கு இம்மயக்கம் ஒன்றே போதும். ஆதலின், கரையின் மேல் பொறி நகருமுன் பற்சக்கரம் எப்பக்கம் உள்ளது என்று பார்க்கும்படி ஓட்டுநருக்கு நினைவூட்டல் நலம்.

மணிக்கணக்கும் மண்கணக்கும்

வாடகை பெரும்பாலும் மணிக்கணக்கில் பேசப்படுகின்றது. இருக்கையின் அருகே மணிக்காட்டி ஒன்று உண்டு. ஓட்டுநர்கள் ‘அவர் மீட்டர்’ என்பர். இதன் கடைசி இலக்கம் மணியின் பத்தில் ஒரு பகுதியைக் காட்டுவது. அதாவது 6 நிமிடம். காலையில் 4312.6 என்றும் மாலையில் 4320.3 என்றும் இருந்தால், வேறுபாடு 7.7 மணி. இது 7 மணி 7 நிமிடம் அன்று; 7 மணி 42 நிமிடம் ஆகும். எஞ்சின் ஓடினாலே மணிக்காட்டி ஓடும். வாளி மண்ணைத் தொட வேண்டும் என்பதில்லை. ஆதலின் காலையும் மாலையும் உறுப்பினர் ஒருவர் எண்ணைக் குறித்து, ஓட்டுநரின் ஒப்பத்தையும் பெற வேண்டும். லாரி வாராத வேளையில் எஞ்சினை நிறுத்தும்படியும் கூற வேண்டும்.

மணியை மட்டும் எண்ணினால் போதாது. மண்ணையும் அளக்க வேண்டும். ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். வாளியின் கொள்ளளவு 0.9 கன மீட்டர் என்றும், நிமிடத்துக்கு 3 வாளி என்றும், மணிக்கு 50 நிமிடம் உண்மையான வேலை என்றும் கொண்டால், 150 வாளிகளில் 135 கன மீட்டர் மண் வெளிவரும். ஆனால் இது உதிர்ந்த மண். வெட்டிய மண் உதிர்ந்து நான்கில் ஒரு பங்கு பெருகுவதாகக் கொண்டால், பள்ளத்தில் அளக்கும்போது 108 கன மீட்டரே இருக்கும். லாரியில் உள்ள மண்ணை அளந்து பள்ளத்தின் அளவாக எழுதினால், ஊராட்சி இழப்படையும். பள்ளத்தை நாடாவால் அளப்பதே நேர்மையான கணக்கு. நம் பக்கத்தில் வழங்கும் யூனிட் என்பது 100 கன அடி, அதாவது 2.83 கன மீட்டர். எனவே மூன்று வாளிக்குச் சற்று மிகுதியானது ஒரு யூனிட் என்று நினைவில் கொள்ளலாம்.

10 கன மீட்டர் கொள்ளும் லாரியை இப்பொறி 4 நிமிடத்தில் நிரப்பிவிடும். அந்த லாரி சென்று, கொட்டி, மீண்டு வர 20 நிமிடம் ஆகுமானால், பொறி ஓயாமல் வேலை செய்ய 6 லாரிகள் வேண்டும். மூன்றே லாரிகள் இருந்தால், வாடகையில் பாதி காத்திருப்புக்கே செல்லும். பொறியின் வாடகையைக் குறைக்க வாதாடுவோர் லாரிகளின் எண்ணிக்கையை நோக்காமல் விடுவது, காசைச் சேமித்து ரூபாயை இழப்பதாகும்.

எவ்வளவு ஆழம்?

20 டன் பொறியின் கரம் ஏறத்தாழ 6 மீட்டர் ஆழம் வரை எட்டும். எட்டும் என்பதற்காகத் தோண்டுதல் கூடாது. இதனை நான் நூலில் கற்றேனல்லேன். என் பிழையினால் கற்றேன்.

சில ஆண்டுகளுக்கு முன் நான் பணியாற்றிய ஒரு வட்டாரத்தில், சிற்றேரி ஒன்று தூர் வாரப்பட்டது. வேலை நடந்தபோது இருமுறை சென்று பார்த்தேன். மணிக்காட்டியின் எண்ணைச் சரிபார்த்தேன், லாரிகளை எண்ணினேன். எங்கே, எவ்வளவு ஆழம் வாளி இறங்குகின்றது என்று கேட்கத் தவறினேன். மதகின் அருகே மண் நன்றாயிருந்தமையால், அங்கேயே ஆழமான குழிகள் செங்குத்தாக வெட்டப்பட்டன. அவ்வாண்டு மழை பொய்க்கவில்லை, ஏரி நிரம்பியது. தை மாதத்தில் நெல் பால் பிடிக்கும் வேளையில் மதகில் நீர் நின்றுவிட்டது. குழிகளிலோ நீர் ததும்பி நின்றது. மதகின் அடிமட்டத்திற்குக் கீழே நின்ற அந்நீர் வாய்க்காலில் ஏறுமா? உழவர்கள் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தனர். அதே கோடையில், மாடு குளிப்பாட்ட இறங்கிய சிறுவன் ஒருவன், முழங்கால் அளவு நீர் என்று எண்ணி அடியெடுத்து வைத்த இடத்தில் மூழ்கி இறந்தான். பட்டியலில் மணிகள் சரியாக இருந்தன. அதனால் யாருக்கு என்ன பயன்?

அன்று முதல் எந்த ஏரியிலும் வாளி இறங்குமுன் நான் நான்கு செய்திகளை உறுதி செய்து கொள்கின்றேன். ஊராட்சி உறுப்பினர்களும் இவற்றைக் கைக்கொள்ள வேண்டுகின்றேன்.

முதலாவது, மதகின் அடிமட்டத்தை அறிதல். அம்மட்டத்திற்கு மேலே படிந்த வண்டலை அகற்றினால்தான் பாசனத்திற்குரிய நீர் பெருகும். அதற்குக் கீழே வெட்டுவது கால்நடைகளுக்கும் நிலத்தடி நீருக்கும் உதவக்கூடும்; வாய்க்காலுக்கு உதவாது. எதற்காக வெட்டுகின்றோம் என்பதை முன்னரே முடிவு செய்ய வேண்டும்.

இரண்டாவது, கரையின் அடியைத் தொடாதிருத்தல். கரையின் காலடியில் மண்ணை எடுத்தால், நிரம்பிய ஏரியின் அழுத்தத்தில் கரை சரியும். பொறியாளர் குறித்த எல்லையில் முளைக்குச்சிகளை அடித்து, அவற்றிற்கு அப்பாலேயே வெட்டச் செய்ய வேண்டும்.

மூன்றாவது, அடிக்களியை அறுக்காதிருத்தல். பல ஏரிகளின் அடியில் படிந்துள்ள மென்களிமண் அடுக்கு, பானையின் அடிபோல நீரைத் தாங்கி நிற்கின்றது. வண்டலின் நிறமும் களியின் நிறமும் வேறுபடும். வாளியில் மணலோ சுக்கானோ வரத் தொடங்கினால், அடுக்கு அறுந்துவிட்டது என்று அறிந்து உடனே நிறுத்த வேண்டும்.

நான்காவது, செங்குத்தான குழிகளை விலக்குதல். தரையைச் சமமாகவும், ஓரங்களைச் சரிவாகவும் அமைக்க வேண்டும். குழந்தை இறங்கினாலும் மாடு இறங்கினாலும் ஏறி வரும்படி சரிவு இருத்தல் வேண்டும். இதற்குச் சில மணி நேரம் கூடுதலாகச் செலவாயினும் அதனைச் செலவென்று கருதுதல் தகாது.

அகற்றிய வண்டல் வயலுக்கு நல்ல உரமாகும். 1959-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சிறுகனிமச் சலுகை விதிகளின்படி, உழவர்களும் மட்பாண்டத் தொழிலாளரும் முறையான அனுமதி பெற்று இதனை எடுத்துச் செல்லலாம். அனுமதியின்றி எடுப்பதும், வண்டலின் பெயரால் மணலை எடுப்பதும் குற்றமாகும்.

பாதுகாப்பு

பொறி வேலை செய்யும்போது வேடிக்கை பார்க்கச் சிறுவர்கள் கூடுவர். கரம் நீளும் தூரத்திற்கு அப்பால் கயிறு கட்டி எல்லை வகுக்க வேண்டும். வாளியை எவர் தலைக்கு மேலும் கொண்டு செல்லலாகாது. வாளியில் ஆட்களை ஏற்றலும் ஆகாது. மேலே மின்கம்பி இருந்தால், மின்வாரியத்தாருக்கு முன்னரே தெரிவித்து, மின்சாரம் நிறுத்தப்பட்ட பின்னரே வேலை தொடங்க வேண்டும். குழாய்ப் பள்ளத்தின் விளிம்பில் வெட்டிய மண்ணைக் குவித்தலும், தாங்கல் இல்லாத ஆழ்பள்ளத்தில் ஆளை இறக்குதலும் உயிருக்கு உலை வைப்பனவாகும். மாலையில் வேலை முடிந்ததும் வாளியைத் தரையில் படிய வைத்து, எஞ்சினை நிறுத்தி, நெம்புகோலைப் பூட்டி, சாவியை எடுத்துவிட வேண்டும்.

வாடகைக்கு அமர்த்துமுன், வாளியின் பற்களையும், மூட்டுகளின் ஆட்டத்தையும், சங்கிலியின் தொய்வையும், எண்ணெய்க் கசிவையும், பின்னோக்கிச் செல்லும்போது ஒலிக்கும் எச்சரிக்கை மணியையும், மணிக்காட்டியையும் பார்த்துவிடுங்கள். இவ்வாறனையும் பார்க்கப் பத்து நிமிடம் போதும்.

முடிவாக ஒரு சொல். நூறு பேர் ஒரு நாள் முழுதும் வெட்டும் மண்ணைச் சில மணி நேரத்தில் வெட்டும் ஆற்றல் இப்பொறிக்கு உண்டு. ஏழைகளுக்கு வேலை தருவதையே நோக்கமாகக் கொண்ட 2005-ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டம், ஆட்களின் வேலையைப் பறிக்கும் பொறிகளை இயன்றவரை விலக்க விதித்ததும் இதனாலேயே ஆகும். மண்வெட்டியால் பிழை செய்தால் ஒரு கூடை மண்ணில் திருத்திவிடலாம். பொறியால் செய்த பிழையோ ஒரு பிற்பகலிலேயே ஆழ்ந்துவிடும். அதனைத் திருத்தப் பல பருவங்கள் போதா. ஓட்டுநர் பொறியை அறிவார். ஏரியை அறிந்தவர்கள் நீங்களே. மடை எது, களி எங்கே, மாடு இறங்கும் துறை எது, பிள்ளைகள் நீந்தும் இடம் எது என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். ஆகவே, அடுத்த கோடையில் உங்கள் ஏரிக்குள் இப்பொறி இறங்கும்போது, அதன் அருகே அளவுகோலுடன் ஊராட்சி உறுப்பினர் ஒருவரும், ஆயக்கட்டு உழவர் ஒருவரும் நாள்தோறும் நிற்கட்டும்.